மரத்தை எண்ணாதீர்கள், கன்றை எண்ணுங்கள்: மித்திக் கரையிலிருந்து ஒரு பார்வை

மும்பையில் தாராவி பேருந்து நிலையத்துக்கு எதிரே, சயானிலிருந்து பாந்த்ரா செல்லும் சாலையில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவின் வாசல் இருக்கிறது. உள்ளே போய் மரநிழலில் கால் மணி நேரம் நடந்தால் பூங்காவின் பின்புறம் மித்தி ஆற்றைத் தொடும். அக்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். இக்கரையில் கருப்புச் சேறு. ஓதம் வற்றும் வேளையில் அந்தச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்கும். அவற்றுக்குச் சொந்தக்காரர் வெண்கண்டல் மரம். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெளுப்பு. இலை மேல் நாக்கை வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கித்தான் அந்த மரம் உயிர் வாழ்கிறது.

மழைக்காலத்தில் போனால் இன்னொன்றும் கண்ணில் படும். அவரை விதையளவு காய்கள் உதிர்ந்து நீரில் மிதந்து வரும். தோல் உரிந்ததும் மடித்து வைத்த இரண்டு பச்சைப் பருப்புகள் விரியும். அடியில் மயிரடர்ந்த சிறு வேர் தெரியும். தாய்மரத்தில் தொங்கும்போதே முளைக்கத் தொடங்கிவிட்ட கன்று அது. சேற்றில் தங்கச் சில நாள் அமைதி கிடைத்தால் வேரூன்றிவிடும். ஒருமுறை நான் பார்த்த கன்று சேற்றைத் தொடவேயில்லை. மூச்சுவேர்களைச் சுற்றிக்கொண்டிருந்த பால்கவர் ஒன்றின் மடிப்புக்குள் சிக்கி, வேரை வெளியே நீட்டியபடி காய்ந்துகொண்டிருந்தது. தாய்மரம் பத்தடி தள்ளி, பச்சைப்பசேலென்று நின்றது.

தொலைவிலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ பார்ப்பவருக்கு அந்த இடம் நல்ல காடு. குனிந்து பார்ப்பவருக்குத்தான் அந்தக் காட்டுக்கு வாரிசு உண்டா என்ற ஐயம் வரும். இந்தக் கட்டுரை அந்த ஐயத்தைப் பற்றியது.

ஓக் காடுகள் கற்பித்த பாடம்

இதே ஐயம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய அளவில் எழுந்தது. அங்கே வெள்ளை ஓக் என்ற மரம் காடுகளின் முதுகெலும்பு. அணிலும் மானும் வான்கோழியும் அதன் கொட்டையைத் தின்று வாழ்கின்றன. மேசை நாற்காலிக்கும் வீட்டுத் தரைக்கும் அதன் பலகைதான். போர்பன் என்ற அந்நாட்டு மதுவை, உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பீப்பாய்க்கேற்ற பருமன் வர மரத்துக்கு முக்கால் நூற்றாண்டாவது ஆகும்.

2017ஆம் ஆண்டில் கென்டக்கிப் பல்கலைக்கழகம், காட்டு உரிமையாளர் அமைப்பு, மதுத் தொழில் சார்ந்த அறக்கட்டளை ஆகியவை ஒன்றுகூடி வெள்ளை ஓக் முன்முயற்சியைத் தொடங்கின. அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு பலரையும் திடுக்கிட வைத்தது. வெள்ளை ஓக் காடுகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு முதிர்ந்த மரங்கள் நிற்பவை. அந்தப் பரப்பில் சுமார் 60 விழுக்காட்டில் வெள்ளை ஓக் நாற்றே இல்லை. 87 விழுக்காட்டில் இளமரம் இல்லை. இன்று வெட்டுவதற்கு மரம் தாராளமாக இருக்கிறது. இன்னும் இரண்டு தலைமுறை கழித்து இருக்குமா என்பதுதான் கேள்வி.

காரணங்கள் பல. காட்டுத்தீயை முழுவதுமாக அடக்கியதால் நிழல் தாங்கும் மேப்பிள், பீச் மரங்கள் நெருக்கமாக வளர்ந்தன; வெளிச்சம் வேண்டிய ஓக் நாற்றுகள் அடியில் வாடின. பெருகிய மான்கள் தளிரைக் கடித்தன. அங்கே காட்டின் பெரும்பகுதி லட்சக்கணக்கான தனியார் குடும்பங்களின் கையில் துண்டு துண்டாக இருக்கிறது. ஒருவர் தம் துண்டைச் சரியாகப் பேணினால் மட்டும் போதாது. ஆகவே கூட்டாகச் செயல்படுவது அவர்களுக்கு நல்லெண்ண முழக்கமாக இருக்கவில்லை. வேறு வழியே இல்லாத நடைமுறையாக இருந்தது.

இமயத்திலும் இதற்கு உறவான கதை உண்டு. உத்தராகண்டின் மலைச்சரிவுகளில் பாஞ்ச் என்று மக்கள் அழைக்கும் ஓக் மரத்தின் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளை மயிர் உண்டு. அதன் அறிவியல் பெயரே வெண்மயிர் தாங்கியது என்ற பொருளுடையது. மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, ஊற்றுக்கு நீர் என்று எல்லாவற்றுக்கும் ஊர் அந்த மரத்தை நம்பியிருந்தது. குமாவுன் மக்களின் நெடிய எதிர்ப்புக்குப் பிறகு 1931இல் ஆங்கிலேய அரசு வன பஞ்சாயத்துகளுக்கு விதி வகுத்தது. எந்த மாதம் எந்தச் சரிவைத் திறப்பது, யார் எவ்வளவு தழை அறுக்கலாம், மீறினால் என்ன தண்டம் என்பதை ஊரே முடிவு செய்தது. பல இடங்களில் அது நலிந்துவிட்டது. சில இடங்களில் இன்றும் நடக்கிறது. நடக்கும் இடங்களில் யாராவது காட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சேமித்து வைக்க முடியாத விதை

ஓக் மரத்துக்கும் மித்திக்கரை வெண்கண்டலுக்கும் தாவரவியலில் உறவு தொலைவு. ஆனால் ஒரு குணத்தில் இரண்டும் ஒன்று. வெள்ளை ஓக் கொட்டை இலையுதிர் காலத்தில் கீழே விழுந்த கையோடு முளைவிடும். வெண்கண்டல் விதை மரத்திலேயே முளைக்கும். நெல்லைப்போலக் காயவைத்துக் குதிரில் கட்டிவைக்க இரண்டுக்கும் வழியில்லை, காய்ந்தால் செத்துவிடும். விதை வங்கியின் குளிர்ப்பெட்டியில் இந்த மரங்களின் எதிர்காலத்தைப் பூட்டி வைக்க முடியாது.

இதன் பொருள் கனமானது. இத்தகைய காடு ஒவ்வோர் ஆண்டும் தன்னைப் புதிதாக விதைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஆண்டும் இடம் தயாராக இருக்க வேண்டும். ஓர் ஆண்டு ஓதநீர் வரும் வாய்க்காலை இடிபாட்டு மண்ணால் அடைத்தால் அந்த ஆண்டுக் கன்றுகள் போயின. பத்தாண்டு அடைத்தால் ஒரு தலைமுறை போயிற்று. முதிர்ந்த மரங்கள் நிற்கும்வரை அந்த இழப்பு வெளியே தெரியாது.

ஏழு தீவு மும்பையின் சேற்று விளிம்பு

கண்டல் நமக்குப் புதிய சொல் இல்லை. நெய்தல் திணைப் பாடல்களில் புன்னையோடும் தாழையோடும் சேர்ந்து வரும் மரம் அது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனவர்கள் மும்பைக்கு வந்தால், மாகிம், சியூரி, மாகுல், விக்ரோலி என்று எங்கு பார்த்தாலும் அதே மரத்தை அடையாளம் காண்பார்கள். மராத்தியில் திவர். மும்பை நகர், புறநகர் மாவட்டங்களில் அறுபது சதுர கிலோமீட்டருக்கு மேல் கண்டல் பரப்பு இருப்பதாக இந்திய வன அளவைத் துறையின் அறிக்கைகள் காட்டுகின்றன. இவ்வளவு நெருக்கடியான பெருநகரத்துக்குள் இவ்வளவு பெரிய ஓதக்காடு இருப்பது உலகில் அபூர்வம்.

அந்தச் சேற்று விளிம்பில்தான் தாராவியும் பிறந்தது. முதலில் அது கோலி மீனவர்களின் கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். சதுப்பில் மண்ணையும் குப்பையையும் கொட்டி, மேடாக்கி, குடிசை போட்டார்கள். நகரம் அவர்களுக்கு வேறு இடம் தரவில்லை. அவர்கள் கையில் புழங்கிய பட்டைத் துவர்ப்புக்கும் இந்தக் கதையோடு தொடர்புண்டு. தென்னாட்டில் ஆவாரம்பட்டை, ஐரோப்பாவில் ஓக் பட்டை, கடலோர நாடுகளில் கண்டல் பட்டை என்று உலகமெங்கும் தோலைப் பதப்படுத்தியது மரப்பட்டையின் அந்தத் துவர்ப்புத்தான்.

சதுப்பைத் தூர்த்ததற்குக் குடிசைவாசிகளை மட்டும் குற்றம் சொல்வது நெடுநாள் வழக்கம். அது நேர்மையில்லாத கணக்கு. மித்தியின் வாயை நெருக்கியதில் பெரும்பங்கு அரசே திட்டமிட்டுச் செய்த நிலமீட்புக்கு உண்டு. பாந்த்ரா–குர்லா வளாகம் எழுந்தது ஆற்றோரச் சதுப்பில். 17.8 கிலோமீட்டர் நீளமுள்ள மித்தி, விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து மாகிம் விரிகுடாவில் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்த நீர் விரிந்து நிற்க இடமில்லாமல் குர்லாவிலும் கலீனாவிலும் தாராவியிலும் வீடுகளுக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆற்றுக்கு நாம் கொடுக்க மறுத்த சதுப்பின் விலை அன்று வசூலிக்கப்பட்டது.

குப்பைமேட்டில் எழுந்த காடு

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இயற்கைப் பூங்காவும் ஒருகாலத்தில் மாநகரத்தின் குப்பைமேடு. 37 ஏக்கர். 1970களின் பிற்பகுதியில் குப்பை கொட்டுவது நின்றபின், உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையைச் சேர்ந்தவர்கள் அங்கே காடு வளர்க்கலாம் என்றார்கள். குப்பையின் மேல் மண் பரப்பி, 1983 உலகச் சுற்றுச்சூழல் நாளில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் மரக்கன்றை நட்டார். 1994இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. நட்ட நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடையே பதினோரு ஆண்டுகள். ஒரு தேர்தல் காலத்துக்குள் முடிந்த வேலை இல்லை அது. பெருநகர வளர்ச்சி ஆணையமும், தன்னார்வலர்களும், பள்ளிகளும் விடாமல் பிடித்துக்கொண்டதால் நின்ற வேலை.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பூங்காவின் மேட்டுப் பகுதியில் இருப்பது மனிதர் நட்ட காடு. ஆற்றோரத்தில் இருப்பது ஓதம் விதைத்த காடு. முதலாவதற்குத் தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் ஆள் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது ஒன்றுதான்: ஏறி இறங்கும் நீருக்குத் தடையில்லாத வழி. பிச்சாவரத்தில் இதைக் கண்ணாரக் கண்டார்கள். ஆங்கிலேயர் காலம் தொட்டுக் கூறு கூறாக மரம் வெட்டியதால் நடுநிலம் தாழ்ந்து, ஓதநீர் உள்ளே தேங்கி, உப்பேறி, கன்று முளைக்காத பொட்டலாகியிருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நீர் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் காடு திரும்பியது. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தக் காட்டின் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நிலத்தின் நோயைப் புரிந்துகொண்டது அறிவியல். வாய்க்காலைத் தூர்ந்துபோகாமல் காத்தது ஊர். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை.

சட்டம் கட்டிய வேலி

மும்பையில் கண்டலைக் காத்ததில் நீதிமன்றத்தின் பங்கு பெரிது. பம்பாய்ச் சுற்றுச்சூழல் செயற்குழு 2004இல் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2005 அக்டோபர் 6 அன்று, பெருவெள்ளத்தின் ஈரம் காயும் முன்பே, பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும் கண்டலை வெட்டக்கூடாது, கண்டலைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, இடிபாடு கொட்டக்கூடாது. 2018 செப்டம்பர் 17இல் இறுதித் தீர்ப்பு வந்தது. கண்டலை அழிப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. அரசுக்குச் சொந்தமான கண்டல் நிலங்களை வனத்துறையிடம் ஒப்படைக்கவும் ஆணையிட்டது.

இடையே 2012இல் மகாராஷ்டிர அரசு கண்டலுக்கென்றே தனி வனப்பிரிவைத் தொடங்கியது. 2015இல் தாணே கழிமுகத்தில் பூநாரைச் சரணாலயம் அமைந்தது. 2022இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமானது. 2020இல் வெண்ணிறப் பூக்கள் பூக்கும் பாண்டரி சிப்பி, மாநிலக் கண்டல் மரமாக அறிவிக்கப்பட்டது. விக்ரோலியில் கோத்ரெஜ் குழுமம் பல பத்தாண்டுகளாகத் தன் நிலத்திலுள்ள பெரிய கண்டல் காட்டைப் பேணி வருகிறது. அரசு, நீதிமன்றம், தொழில் நிறுவனம், தன்னார்வ அமைப்பு என்று நான்கு கைகள் சேர்ந்ததன் பலன் இவை. மறுக்க முடியாத சாதனை.

ஆனால் வேலிக்கு வாசல்கள் உண்டு. பொதுநலத் திட்டம் என்று நிறுவினால் நீதிமன்ற அனுமதியுடன் வெட்டலாம். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்காக ஏறத்தாழ 20,000 கண்டல் மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஈடாக வேறிடத்தில் பல மடங்கு நட வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் ஓக் காடுகளின் பாடம் நமக்கு உதவுகிறது. நட்ட எண்ணிக்கை காடாகாது. நட்ட கன்றுகளில் எத்தனை ஐந்து மழைக்காலம் கடந்தும் நிற்கின்றன, அவை தாமே விதைக்கத் தொடங்கினவா என்பதே கணக்கு.

பரப்பளவும் நம்மை ஏமாற்றக்கூடும். தாணே கழிமுகத்தின் பல இடங்களில் கண்டல் பரப்பு விரிந்திருக்கிறது. நகரத்தின் சாக்கடை கொண்டுவரும் வண்டல் அதற்கு ஒரு காரணம். மாசைத் தாங்கும் வெண்கண்டல் அந்த வண்டலில் செழிக்கிறது; மாசு தாங்காத மற்ற கண்டல் இனங்கள் பின்வாங்குகின்றன. சியூரிக்கும் மாகுலுக்கும் இடையே பூநாரைகள் இரைதேடும் திறந்த சேற்றுவெளியில் கண்டல் ஏறினால் பறவைக்கு இடம் போகும். எல்லா இடத்திலும் மரம் வேண்டும் என்பதில்லை. எங்கே மரம், எங்கே சேறு, எங்கே திறந்த நீர் என்ற அளவைத்தான் காக்க வேண்டும்.

செம்பூரும் மாட்டுங்காவும்

செம்பூரின் கிழக்கு விளிம்பில் நின்று பார்த்தால் இந்த நகரத்தின் முரண் முழுவதும் தெரியும். ஒருபுறம் மாகுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். மறுபுறம் 1927 முதல் குப்பை சுமக்கும் தேவனார் மேடு. இடையே கழிமுகத்தை ஒட்டிய கண்டல். குளிர்காலத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். அந்த நீரில் வலைபோடும் கோலி மீனவருக்குக் கண்டல் என்பது அழகுக் காட்சி இல்லை. இறாலும் நண்டும் மடவையும் குஞ்சாக ஒளிந்து வளரும் இடம் அது. கண்டல் போனால் வலை காலி.

மாட்டுங்காவில் கடல் தெரியாது. அங்கே வேறொரு காடு இருக்கிறது. 1896 பிளேக்கிற்குப் பிறகு அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர்–மாட்டுங்கா வீதிகளில், ஐந்து தோட்டங்களைச் சுற்றி, தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. கோயிலுக்கும் சங்கீத சபாவுக்கும் நடந்து போன தலைமுறைகளுக்கு நிழல் தந்தவை. மும்பையின் பல வீதிகளில் மாவுப்பூச்சி தாக்கியும், அடிமரம் வரை சிமென்ட் பூசி வேர் மூச்சடைத்தும் இத்தகைய மரங்கள் பட்டுப்போயின. காலியான இடத்தில் என்ன நடப்பட்டது, அது பிழைத்ததா என்று வீதி வீதியாகக் கேட்பவர் குறைவு. ஓக் காட்டின் கேள்விதான் இங்கும்: பெரிய மரங்கள் இருக்கின்றன, அவற்றின் வாரிசு எங்கே?

யாரை விட்டுவிட்டு யாரோடு?

கூடிச் செய்வோம் என்று சொல்வது எளிது. யார் யார் கூடுவது என்பதில்தான் சிக்கல். தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்தில், அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதவர் என்று வகைப்படுத்தப்படும் குடும்பங்களைக் குடியேற்ற, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் சுமார் 256 ஏக்கரை ஒதுக்க 2024 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உப்பளங்கள் கிழக்குக் கரையின் தாழ்நிலம். கண்டல் பட்டையின் அண்டை வீடு. பெருமழையில் நீர் பரவி நிற்கும் இடம். ஒரு சதுப்பின் மேல் குடிசை போட நேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளை இன்னொரு தாழ்நிலத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இது. வீடு வேண்டும் என்பவரையும் ஈரநிலம் வேண்டும் என்பவரையும் எதிரெதிர் வரிசையில் நிறுத்திவிட்டால் இருவரும் தோற்பார்கள். வெள்ளம் வரும்போது முதலில் முழங்கால் நனைவது அதே குடும்பம்தான். ஈரநிலத்தைக் காப்பதில் தாராவி மக்களைவிடப் பெரிய பங்குதாரர் இந்நகரில் யாருமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வழி தெரியாத இருட்டில் நாம் நிற்கவில்லை. சிந்துதுர்க் மாவட்டத்தின் வேங்குர்லாவில் சுவாமினி என்ற மகளிர் சுயஉதவிக் குழுவினர் கண்டல் காட்டுக்குள் தாங்களே படகு ஓட்டிச் சுற்றுலா நடத்துகிறார்கள். கடலோர ஊர்களில் நண்டு வளர்ப்பு, சிப்பி வளர்ப்புக்கு மாநில அரசு மானியம் தருகிறது. காடு நின்றால் வருமானமும் நிற்கும் என்ற நிலை வந்ததும் காவல் தானாக வந்தது. அந்த ஏற்பாட்டை மாகுல், டிராம்பே, தாராவியின் கோலிவாடா என்னும் மீனவர் குடியிருப்புகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொண்டுவரலாம்.

அதற்கும் முன்பாக, செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும், ஓதம் வற்றும் நேரம் பார்த்து, ஒரு மீட்டர் சதுரத்தில் மூங்கில் சட்டம் ஒன்றைச் சேற்றின் மேல் வைத்து, அதற்குள் எத்தனை கண்டல் கன்று என்று எண்ணுவது. அதே இடத்தில் மே மாதம் மறுபடி எண்ணுவது. எத்தனை பிழைத்தன, ஏன் மற்றவை பிழைக்கவில்லை என்று எழுதுவது. வனத்துறைக் காவலரின் துணையோடு, தாராவியிலும் செம்பூரிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும். மாட்டுங்கா பிள்ளைகள் தங்கள் வீதி மரங்களுக்குச் செய்யலாம். பத்தாண்டுகள் விடாமல் எழுதினால் எந்த நீதிமன்றத்திலும் எந்தத் திட்டக் கூட்டத்திலும் நீட்டக்கூடிய சான்று கையில் இருக்கும். ஈடாக நட்டதாகச் சொல்லப்படும் காடுகளுக்கும் அதே மூங்கில் சட்டத்தை வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

அன்று அந்தப் பால்கவரை மூச்சுவேரிலிருந்து கழற்றினேன். சேறு முழங்கை வரை ஏறியது. உள்ளிருந்த கன்றைச் சேற்றில் வைத்தேன்; அது பிழைத்ததா என்று பார்க்க மறுமாதம் போனபோது எந்தக் கன்று அது என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் கவர் கழற்றிய அந்தக் கையகல இடத்தில் நான்கு கன்றுகள் நின்றன. ஓதம் அவற்றை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்திருந்தது.